உப்பைக் குறைச்சுப் போடுங்க

டிரைவிங் ஸ்கூல் காரில், சொல்லிக்கொடுக்கிறவர் உட்காருகிற பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஓட்டிப் பழகுகிறவர் பதறிப்போய்க் கோட்டை விட்டால், பக்கத்தில் இருப்பவர் மிதித்து வண்டியை நிறுத்துவார். அந்த பிரேக்கை மிதித்தே பாதி ஆயுசைக் கழித்தவர் இந்த மனுஷர். ஸ்கூல் முதலாளியிலிருந்து ஆஸ்பத்திரி வாட்ச்மேன்வரைக்கும் அவரை பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் கர்வம்.

கர்வம் இருக்காதா பின்னே? ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை உதறுகிறவர்கள், வலது பக்கம் என்றால் இடது பக்கம் ஒடிக்கிறவர்கள், கண்ணாடியைத் திருப்பித் தலை வாரிக்கொள்கிறவர்கள் என்று எத்தனை பேரைக் கட்டி மேய்த்திருப்பார்! ஒருத்தர் வண்டியிலும் ஒரு நாய்க்குக்கூட அடிபட்டதில்லை. அவருடைய வலது கால் அவரைக் கேட்காமலே வேலை செய்யும். பஸ்ஸில் போனாலும் மிதிக்கும், டிவியில் யாராவது வண்டியை விரட்டினாலும் மிதிக்கும். மனைவி கடாயில் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தொம்மென்று சத்தம் கேட்கும்.

"என் அடுப்புக்கிட்ட உங்களுக்கு என்ன பிரேக்கு?" என்று அவள் எரிந்து விழுவாள்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு இரண்டு கிட்னியும் போனது. எந்தக் காலும் மிதித்து நிறுத்த முடியாத விஷயம் அது. பிரஷரைக் கவனிக்காமல் விட்டதன் பலன் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் காலையில் போய் டயாலிசிஸ் நாற்காலியில் படுக்க வேண்டியதாயிற்று. இடது கையில் இரண்டு ஊசி, ஒன்றில் ரத்தம் வெளியே போகும், இன்னொன்றில் சுத்தமாகித் திரும்பி வரும். நான்கு மணி நேரம் அசையக் கூடாது. மற்ற நாட்களில் வழக்கம்போல டிரைவிங் ஸ்கூல்.

காலை ஷிஃப்ட்டில் ஜன்னல் பக்கம் நான்கு நாற்காலி. மாஸ்டருக்கு அடுத்ததில் தையலக்கா. எல்லாரையும்விட மூத்தவர், கழுத்துப் பட்டியில் எப்போதும் ஒரு நூல் கோத்த ஊசி குத்தியிருக்கும். "இங்கதான் கையில ஊசி குத்தறாங்களே, கழுத்துல வேற எதுக்கு?" என்று கேட்டால், "அது அவங்க தொழில், இது என் தொழில்" என்பார். அதற்கு அடுத்து பேங்க்காரர், ரிட்டயர் ஆன கேஷியர். எதைச் சொன்னாலும் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பார். கடைசியில் ஒரு பெண். நிச்சயம் ஆன கல்யாணம் கிட்னியால் நின்றுபோனவள். எல்லாருக்கும் அவள் சின்னது. முதல் நாள் அழுதுகொண்டே படுத்திருந்தவளை அக்காதான் பேசிப் பேசிச் சிரிக்க வைத்தார்.

இவர்களுக்கு உலகத்தில் எதைத் தின்றாலும் ஆபத்து. சோதனைதான் இது, வேறென்ன? தக்காளி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு எல்லாவற்றிலும் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும். இவர்களுக்கு அது ரத்தத்திலேயே தங்கும், எல்லை தாண்டினால் இதயம் நின்றுவிடும். வலியோ காய்ச்சலோ வந்து முன்கூட்டிச் சொல்லாது. அதனால் மாஸ்டரின் மனைவி காயை நறுக்கி இரண்டு தடவை வேகவைத்து, இரண்டு தடவையும் தண்ணீரைக் கொட்டுவாள். மிஞ்சுவது நனைந்த காகிதம் மாதிரி இருக்கும். தண்ணீரும் அளவுதான், நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்.

ஆனால் இவர்களுக்குள் ஒரு திருட்டுப் பழக்கம் இருந்தது. மிஷினில் மாட்டிய முதல் மணி நேரத்தில் ஆசைப்பட்டதை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வார்கள். உள்ளே போனது போன வேகத்தில் மிஷின் கழுவிவிடும் என்று நம்பிக்கை. பேங்க்காரர் ஒரு சாக்லேட், சின்னது அரை வாழைப்பழம், அக்கா ஒரு கீற்றுத் தக்காளி. அதைக் கண்ணை மூடிக்கொண்டு நாக்கிலேயே வைத்திருப்பார். மிஷின்களைக் கவனிக்கிற சிஸ்டர் அந்த நேரம் பார்த்துக் கதவுப் பக்கம் திரும்பிக்கொள்வார், பாவம். "மிஷின் பாத்துக்கும்" என்பது அவர்களுக்குள் ஒரு வேத வாக்காகவே ஆகிவிட்டது.

அந்த அறையில் ஒரு டிவி உண்டு. காலையில் அதில் சமையல் நிகழ்ச்சிதான் ஓடும். பட்டினி கிடப்பவன் முன்னால் பந்தி போடுகிற மாதிரி! ஒரு நாள் இத்தாலியன் ஹோட்டல் ஒன்றைக் காட்டினார்கள். சிவப்புக் கட்டம் போட்ட மேஜைத்துணி, மாவைத் தூக்கி எறிந்து பிடிக்கிற ஆள், நீளமான மேஜையில் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறது. அக்கா எழுந்து உட்காரப் பார்த்தார். மிஷின் கூவியது.

"அந்தத் துணியை நான் மூட்டை மூட்டையா ஓரம் அடிச்சுக் குடுத்திருக்கேன்," என்றார். "ஏதோ ஒரு இத்தாலி ஹோட்டலுக்குன்னு கான்ட்ராக்டர் வாங்கிட்டுப் போவான். எந்த ஹோட்டல்னுகூடத் தெரியாது. ஒரு தடவை அந்த மேஜையில உக்காந்து பாக்கணும்டா தம்பி."

"உக்காந்து? துணியைத் தின்னுட்டு வருவீங்களா?" என்றார் பேங்க்காரர்.

"ஏன், நாம மனுஷங்க இல்லையா? எல்லாருமாப் போவோம். நாலு பேரும், வீட்டுல இருக்கறவங்களும்."

சின்னது, "போலாமா மாஸ்டர்? நிஜமா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? மாஸ்டருடைய வலது கால், நாற்காலியின் பலகையை ஒரு தடவை அழுத்தியது. பிறகு அவரே, "சரி, நான் தேடறேன். ஆனா நான் சொல்றபடிதான் கேக்கணும்," என்றார்.

அக்கா போட்ட நிபந்தனை இரண்டே இரண்டு. ஒன்று, இடம் ஜாலியாக இருக்க வேண்டும். "ஆஸ்பத்திரி மாதிரி அமைதியா இருந்துச்சுன்னா நான் எழுந்து வந்துடுவேன்." இரண்டாவது, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. "சீக்காளிக்கு ஒரு தட்டு, நல்லா இருக்கறவங்களுக்கு ஒரு தட்டுன்னு பிரிக்கக் கூடாது. வீட்டுலதான் தனித்தட்டு. அங்கேயுமா?"

சிஸ்டரிடம் கேட்டார்கள். முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு, "டயாலிசிஸுக்கு முந்தின நாள் சாயங்காலமா வெச்சுக்கோங்க. தக்காளி, சீஸ், உருளைக்கிழங்கு கிட்ட போகாதீங்க. ஒரு தட்டுக்கு மேல வேண்டாம்," என்று அரை மனசாகச் சொன்னார். சிஸ்டர் யாரையாவது நம்பினார் என்றால் அது மாஸ்டரைத்தான்.

தேடல் ஆரம்பித்தது. தேடலா அது, கூத்து! தனியாகப் போக நேரம் ஏது? வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களை இத்தாலியன் ஹோட்டல் இருக்கிற தெருக்களாகப் பார்த்து ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு வாசலிலும், "இங்க ரெண்டு வண்டிக்கு நடுவுல நிறுத்துங்க பாக்கலாம். நான் வர்றதுக்குள்ள நேரா நின்னுருக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அந்த மாதம் அவரிடம் படித்தவர்களுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் தண்ணி பட்ட பாடாகிவிட்டது.

முதல் இடம் பெரிய இடம். வெள்ளைத் துணி, மேஜைக்கு மேஜை மெழுகுவர்த்தி, பரிமாறுகிறவர் காதோடு காதாகப் பேசினார். எழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும் என்று மாஸ்டர் திரும்பிவிட்டார். இன்னொரு இடம் மாடியில். பேங்க்காரரின் முழங்கால் அத்தனை படி ஏறாது. மூன்றாவது இடத்து மேனேஜர், இவர் அடுக்கியதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தக்காளி கூடாது, சீஸ் கூடாது, உப்பு கூடாது. அப்புறம் எதுக்கு சார் இங்க வர்றீங்க? வீட்டுலயே வெந்நீரைக் குடிச்சுட்டுப் படுத்துக்கலாமே?" என்றான்.

"அதையும் அளவாத்தான் குடிக்கணும்," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வெளியே வந்தார். அவமானமாக இருந்தது. வெளியே இரண்டு கார்களுக்கு நடுவே அவருடைய வண்டி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. வழக்கமாகப் பொறுமையாகப் பேசுகிறவர், அன்றைக்கு அந்த மாணவியைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டார். பிறகு அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டார்.

கடைசியில் அகப்பட்டது ஒரு தெருமுனைக் கடை. மஞ்சள் சுவர், சிவப்புக் கட்டம் போட்ட மேஜைத்துணி. முதலாளி கழுத்தில் ஆர்மோனியம் மாதிரி ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு மேஜை மேஜையாக வாசித்துக்கொண்டு போனார். யாருக்காவது பிறந்தநாள் என்றால் பரிமாறுகிறவர்கள் எல்லாரும் தட்டைத் தட்டிக்கொண்டு பாடுவார்களாம். காது கிழிந்தது. மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். நேராகச் சமையலறைக்குப் போனார்.

அங்கே உயரமான தொப்பியோடு ஒருவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். மாஸ்டர் சொல்லச் சொல்ல அந்தத் தொப்பிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"தக்காளி வேண்டாமா? சரி, பூண்டும் எண்ணெயும் போட்டுப் பண்ணலாம். குடைமிளகாயை வேகவெச்சுத் தண்ணியைக் கொட்டணுமா? கொட்டிடலாம். சீஸுக்குப் பதிலா பிரெட்டைப் பொடிச்சு வறுத்துத் தூவறேன், பாத்தா சீஸ் மாதிரியே இருக்கும். அப்புறம்?"

"உப்பு. உப்பைக் குறைச்சுப் போடுங்க. ரொம்ப ரொம்பக் குறைச்சு."

தொப்பிக்காரர் சிரித்தார். "அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம் சார். எங்கப்பாவுக்கும் உப்பு ஆகாது. வருஷக்கணக்கா நான்தான் சமைச்சுப் போட்டேன். உப்பு விஷயத்தை என்கிட்ட விட்டுடுங்க."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அலைந்ததற்கு ஒரு நல்ல மனுஷன் கிடைத்தானே! இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அந்தச் சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். பேங்க்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவருக்கு இப்போது இரண்டு சுற்றுப் பெரிது. சின்னது உதட்டில் சாயம் பூசியிருந்தாள், அவள் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவோடு அவர் வீட்டுக்காரர், பெயிண்டர், வாயில்லாப் பூச்சி, விரல் நகமெல்லாம் வெள்ளைச் சாயம். மாஸ்டரின் மனைவி மட்டும் உட்காரும்போதே, "எனக்கு இது பிடிக்கலை. வீட்டுல நான் தண்ணியைக் கொட்டிக் கொட்டிச் சாகறேன், நீங்க ஊரைக் கூட்டிக்கிட்டு ஹோட்டலுக்கு வர்றீங்க," என்று முணுமுணுத்தாள்.

அக்கா உட்கார்ந்ததும் முதலில் மேஜைத்துணியின் ஓரத்தைத்தான் புரட்டிப் பார்த்தார்.

"இது என் தையல் இல்ல. என்ன கண்றாவி இது, ஓரம் பிரிஞ்சு கிடக்கு!" என்றார். கழுத்துப் பட்டியிலிருந்து ஊசியை எடுத்தார். பரிமாறுகிறவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, அங்கேயே குனிந்து பிரிந்த ஓரத்தைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தார். மேஜையே கைதட்டியது. முதலாளி பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள். யாருக்கும் இல்லை. பேங்க்காரர் யோசிக்காமல் அக்காவைக் கை காட்டினார். எதைச் சொன்னாலும் ஓட்டை கண்டுபிடிக்கிற மனுஷர், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொன்னார். தட்டைத் தட்டிக்கொண்டு கடையே பாடியது. அக்கா வெட்கப்பட்டு வீட்டுக்காரர் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பாஸ்தா வந்தது. பூண்டு வாசம் ஆளைத் தூக்கியது. "ஒருத்தருக்கு ஒரு தட்டு. ரெண்டாவது கேக்கக் கூடாது. சொல்லிட்டேன்," என்றார் மாஸ்டர்.

"உத்தரவு!" என்றாள் சின்னது.

சாப்பிட்டார்கள். எத்தனை காலத்துக்குப் பிறகு நாக்குக்கு உயிர் வந்தது! அக்கா, "அடேயப்பா! உப்பு கம்மின்னு சொன்னீங்க, நாக்குல நல்லாத்தானே ஏறுது?" என்றார். மாஸ்டருக்கும் அப்படித்தான் இருந்தது. உப்பு கரித்தது. கரித்து முடிந்ததும் அடிநாக்கில் லேசாக ஒரு கசப்பு. அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரர் வெளியே வந்தார்.

"எப்படி சார்? உப்பு குறைஞ்ச சாப்பாடு மாதிரி தெரியுதா?"

"தெரியவே இல்லையே. என்ன பண்ணினீங்க?" என்றார் மாஸ்டர்.

"அது தொழில் ரகசியம்!" என்று தொப்பிக்காரர் கண்ணடித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

மேஜைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் தொம்மென்று தரையை மிதித்தது. வழக்கமாக அது மிதித்தால் அவர் நிறுத்துவார். இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் சின்னது அப்போது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா பெட்டி வாசிப்புக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மனைவிகூட முணுமுணுப்பை இறக்கி வைத்துவிட்டு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷமாவது பிரேக் போடாமல் இருடா என்று மாஸ்டர் தன்னையே அதட்டிக்கொண்டு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எல்லாத் தட்டும் காலியாகியிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் தட்டுகூட. வெளியே எதையும் வாயில் வைக்காத மனுஷர் அவர். மாஸ்டருக்கு அதைப் பார்த்து இன்னும் சந்தோஷம்.

இருட்டி வெகு நேரம் ஆவதற்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். "நாளைக்கு மிஷின் பாத்துக்கும்," என்று சொல்லிக் கையசைத்துவிட்டு அக்கா ஆட்டோவில் ஏறினார்.

மறுநாள் காலை மூன்று நாற்காலியில்தான் ஆள் இருந்தது. அக்கா ஒரு நாளும் லேட்டாக வந்தவர் இல்லை. மாஸ்டருக்குக் கால் இரண்டும் ஈயத்தைக் கட்டிவிட்ட மாதிரி கனத்தது. சின்னதும் கையில் வலுவில்லை என்றாள். சிஸ்டர் மிஷினில் மாட்டுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. டாக்டரைக் கூப்பிட ஓடினார், மூன்று பேருக்கும் மருந்து ஏற்றினார்கள், அவசர அவசரமாக மாட்டினார்கள். அதற்கு நடுவில்தான் போன் வந்தது. சிஸ்டர் கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா விடியற்காலையில் எழுந்து, கால் மரத்துப்போச்சு என்று சொல்லிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். அப்படியே சாய்ந்துவிட்டார்.

சின்னது கத்திவிட்டாள். கையை அசைக்காதே, அசைக்காதே என்று எல்லாரும் கத்தினார்கள். பேங்க்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார், கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்க ஒரு கைதான் இருந்தது, அதையும் அவர் தூக்கவில்லை.

"என்னத்தைத் தின்னீங்க?" என்றார் சிஸ்டர், மாஸ்டரிடம். "மூணு பேருக்குமே பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. தக்காளியா?"

"இல்ல சிஸ்டர். சத்தியமா இல்ல. ஒவ்வொண்ணா நானே போய்ச் சொன்னேன். காயை வேகவெச்சுத் தண்ணியைக் கொட்டினாங்க. உப்புகூடக் குறைச்சுத்தான் போடச் சொன்னேன்."

"உப்பைக் குறைச்சா, இல்ல வேற உப்பு போட்டாங்களா?"

மாஸ்டருக்குப் புரியவில்லை.

"பிரஷர்காரங்களுக்குன்னு ஒரு உப்பு விக்கிறாங்களே. சோடியம் கம்மின்னு. அதுல சோடியத்துக்குப் பதிலா போடறதே பொட்டாசியம்தான். முதல் நாளே ஒவ்வொருத்தர்கிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்த டப்பாவை வீட்டுக்குள்ள விடாதீங்கன்னு!"

சொன்னார்தான். அந்த முதல் நாளில் மாஸ்டர் எதைக் காதில் வாங்கினார்? தலைக்குள் ஒரே இரைச்சலாக இருந்த நாள் அது. வீட்டில் மனைவி அந்த உப்பை வாங்கியதே இல்லை, அதனால் அது ஞாபகத்துக்கு வரவும் இல்லை. அடிநாக்கில் அந்தக் கசப்பு இப்போது திரும்ப வந்தது. மீதி நேரம் முழுக்க அவர் எழுந்திருக்க முடியாமல் கட்டிப்போட்ட மாதிரி கிடந்தார். ரத்தம் குழாயில் போய்ப் போய் வந்தது. வலது கால் மட்டும் நாற்காலியின் பலகையை மிதித்துக்கொண்டே இருந்தது. சிஸ்டர் வந்து ஒரு போர்வையை அந்தக் கால்மேல் போட்டார், அது நிற்கவில்லை.

ஊசியை எடுத்ததும் நேராக அந்தக் கடைக்குத்தான் போனார். சண்டை போடத்தான் போனார். சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். தொப்பிக்காரர் அவரைப் பார்த்ததும் மாவுக் கையோடு ஓடி வந்தார்.

"வாங்க சார்! துணியைத் தைச்சாங்களே, அந்த அம்மா எப்படி இருக்காங்க? சாப்பாடு பிடிச்சிருந்ததா அவங்களுக்கு?"

"நேத்து என்ன உப்பு போட்டீங்க?"

தொப்பிக்காரர் பெருமையாக ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வந்தார். மேலே சிவப்பாக ஒரு இதயம் வரைந்திருந்தது. "இதுதான் சார் ரகசியம். எங்கப்பாவுக்கு இதைத்தான் போடுவேன். சாதா உப்பு மாதிரி கரிக்காது, அதனால கொஞ்சம் தாராளமாவே போட்டேன். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

"அந்த அம்மா காலையில போயிட்டாங்க," என்றார் மாஸ்டர்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தொப்பிக்காரர் ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தொப்பி கழன்று விழுந்தது, அடியில் தலை வழுக்கையாக, சின்னதாக இருந்தது. "நல்லதுதானே சார் நினைச்சேன்," என்றார். "நான் நல்லதுதானே நினைச்சேன்."

"நானும்தான்," என்றார் மாஸ்டர். சட்டையைப் பிடிக்க வந்த கை அவர் தோளில் போய் விழுந்தது. கிட்னி போனவர்கள் யாராவது இனி வந்தால் இதைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மனைவி வீட்டில் காத்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நான் அப்பவே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. அக்கா வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போகிறபோதுதான் கேட்டாள்.

"அவர்கிட்ட இந்த உப்பு விஷயத்தைச் சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம?"

"சொல்லி யாருக்கு என்ன லாபம்? போனவங்க திரும்பி வரப் போறாங்களா? உங்களுக்கு நெஞ்சுல பாரம், அதை இறக்கி வைக்க அந்த மனுஷர் தலைதான் கிடைச்சுதா?"

"மறைச்சுட்டு நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவரைப் பாப்பேன்?" என்று மாஸ்டர் சீறினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். ஒரே அறை. அதில் பாதியைத் தையல் மிஷின் அடைத்துக்கொண்டிருந்தது. ஊசிக்குக் கீழே பாதி தைத்த சட்டை ஒன்று அப்படியே மாட்டியிருந்தது. பெயிண்டர் அதன் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் சிரிச்சா. அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டே வந்தா. நோய் வந்ததுல இருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாக்கலை. கடைசியா அவளுக்கு ஒரு நல்ல நாளைக் குடுத்தீங்க. அது போதும் எனக்கு."

இத்தனை பேச அந்த மனுஷரால் முடியும் என்றே மாஸ்டருக்குத் தெரியாது. மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கேட்கவில்லை.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்," என்று ஆரம்பித்தார். எதையும் மறைக்காமல் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னது, அந்த டப்பா, கசப்பு நாக்கில் தட்டியும் கேட்காமல் விட்டது, எல்லாம். "என்னைத் திட்டுங்கண்ணே. அடிங்க. தப்பு என்மேலதான்."

பெயிண்டர் திட்டவில்லை. மெதுவாக, "அந்த உப்பு எல்லாத் தட்டுலயும் இருந்ததா தம்பி?" என்று கேட்டார்.

"எல்லாத் தட்டுலயும்தான். ஒரே சாப்பாடுதானே எல்லாருக்கும். அக்காதானே அப்படிச் சொன்னாங்க." என்றார் மாஸ்டர். "அதுதான்ண்ணே எனக்குப் புரியலை. ஆளுக்கு ஒரு தட்டுதான் சாப்பிட்டோம். எங்க மூணு பேரையும் மிஷின் காப்பாத்திடுச்சு. அக்காவுக்கு மட்டும் ஏன் அதுவரைக்கும் தாங்கலை?"

பெயிண்டர் பின்னாலேயே நகர்ந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் தட்டையும் அவதான் சாப்பிட்டா," என்றார். "நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. ஆசையாப் பாத்தா. நீங்க திட்டுவீங்கன்னு, நீங்க அந்தத் தொப்பிக்காரர்கிட்ட பேசிட்டிருந்தப்ப, அவ காலித் தட்டை எடுத்துக்கிட்டு என் தட்டை அவகிட்ட தள்ளிட்டேன்."

மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது. மறுபடியும் மிதித்தது. வாயிலிருந்து போன வார்த்தையை எந்தக் கால் நிறுத்தும்? மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான்தான் குடுத்தேன் தம்பி," என்று பெயிண்டர் அந்தப் பாதிச் சட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். "நானே என் கையால குடுத்தேன்."